முதல் சம்பளத்தில் சீட்டு சேரலாமா?

தம்பி, பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம். கொழிஞ்சாம்பாறையில் தெரிந்த அக்கா பதிவில்லாமல் நடத்தும் ஒரு லட்சம் சீட்டை முதல் மாதமே எடுத்து பைக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

20 பேர், 20 மாதம், தலைக்கு 5,000. நீங்கள் 20,000 தள்ளி, அதாவது ஏலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்து எடுத்தால், கைக்கு வருவது 80,000. தள்ளியதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 பிரிந்து ஆளுக்கு 750 கழியும். கட்ட வேண்டியது 4,250. ஆனால் போகப்போக தள்ளுவது குறையும், தவணை 5,000-ஐ நெருங்கும். இது சேமிப்பே இல்லை, கடன்.

அக்கா நல்லவராகவே இருக்கட்டும். எடுத்தவர்களில் நாலு பேர் கட்டாமல் விட்டால் அவர் என்ன செய்வார்? பதிவில்லாத சீட்டுக்கு எங்கே போய்க் கேட்பீர்கள்?

சீட்டுதான் வேண்டுமென்றால் கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. இருக்கிறது. அங்கே எடுத்த பணத்தை வாங்க ஜாமீன் காட்ட வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு மட்டும்தான் என்றால் வங்கியில் ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள், மாதம் 3,000 கட்டினால் முன்பணத்துக்கு ஆகும். அப்புறம், பொள்ளாச்சியில் மலிவு என்று பழைய டி.என். (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டியை வாங்கிவிடாதீர்கள், கேரளத்துக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), கேரள வரி எல்லாம் தனிச் செலவு.