கேள்வி-பதில்: போர்டு வந்துவிட்டது, வயர்லெஸ் வரவில்லை

கேள்வி: வைஃபை, ப்ளூடூத் இரண்டும் உண்டு என்று போட்டிருந்ததால் ஒரு ஈஎஸ்பி32 (வயர்லெஸ் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப்) போர்டு வாங்கினேன். வைஃபை ஓடுகிறது. ப்ளூடூத் நிரல் கம்பைல்கூட ஆகவில்லை. விற்றவர், "உங்கள் கோடில்தான் தப்பு" என்கிறார். (மாணவி)

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் சிப்பின் மேல் எஸ்2 என்று தெளிவாகத் தெரிகிறது. ஈஎஸ்பி32-எஸ்2வில் ப்ளூடூத் கிடையவே கிடையாது. எத்தனை இரவு கண்விழித்தாலும் வராது. விற்றவரிடம் வாதாட வேண்டாம், ஆதாரத்தைக் கொடுங்கள். போர்டைக் கணினியில் செருகி ஈஎஸ்பிடூல் என்ற மென்பொருளை ஓட்டினால், சிப்பின் பெயரையும் அதில் உள்ள வசதிகளையும் தொடக்கத்திலேயே காட்டிவிடும். அந்தத் திரையையும், அவர்கள் திருத்துவதற்கு முன் விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். "விவரித்தபடி பொருள் இல்லை" என்று எழுதிப் பணத்தைக் கேளுங்கள். "பழுது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சோதித்துப் பார்த்தோம், நன்றாக ஓடுகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறைக்கு: ஈஎஸ்பி32 வகைகளில் எஸ்3, சி3 இரண்டிலும் மின்சாரம் குறைவாக இழுக்கும் லோ எனர்ஜி ப்ளூடூத் மட்டும்தான். பழைய வகையான கிளாசிக் ப்ளூடூத்தும் வேண்டுமென்றால் முதலில் வந்த ஈஎஸ்பி32ஐ வாங்குங்கள். எச்2வில் வைஃபையே இல்லை.

கேள்வி: ஈஎஸ்பி32-சி3 வாங்கினேன். போனில் தெரியும் வைஃபை பெயர் போர்டில் தெரியவில்லை. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்திருக்கிறேன். போர்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ரூட்டரில் அதைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: சிப் தயாரிக்கும் நார்டிக் நிறுவனத்தின் சோதனைக் கிட்டில் அருமையாக ஓடிய ப்ளூடூத் நிரல், அதே நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 சிப் உள்ள, விலை குறைவாகக் கிடைத்த போர்டில் ஏற்றியதும் அப்படியே நின்றுவிடுகிறது. சிப் ஒன்றுதானே?

பதில்: சிப் ஒன்றுதான். சுற்றி இருப்பவை ஒன்றல்ல. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ளூடூத் லோ எனர்ஜியில் இரண்டு கருவிகளும் பெரும்பாலான நேரம் தூங்கி, சொல்லிவைத்த நேரத்தில் விழித்துப் பேசுகின்றன. அந்த நேரத்தைக் காப்பது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதாவது சீராகத் துடித்துக் கடிகாரம் தரும் சிறு உறுப்பு. கிட்டில் அது இருக்கிறது, எடுத்துக்காட்டு நிரலும் இருப்பதாக நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மலிவு போர்டுகள் பலவற்றில் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். நிரல் வராத கடிகாரத்துக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். உங்கள் போர்டில் பி0.00, பி0.01 பின்களைப் பாருங்கள். சிறிய உலோகக் கிரிஸ்டலுக்குப் பதில் வெறும் சால்டர் திட்டுகள் இருந்தால், அல்லது அந்தப் பின்கள் நேராக வெளியே வந்திருந்தால், சங்கதி அதுதான். எஸ்டிகே (சிப்புக்கு நிரல் எழுத நார்டிக் தரும் தொகுப்பு) அமைப்பில் குறைவேகக் கடிகாரத்துக்கு, சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டரைத் தேர்ந்தெடுத்து, அதன் பிழையைத் திருத்தும் கேலிப்ரேஷனையும் இயக்குங்கள். ஓடிவிடும். பேட்டரி மட்டும் சற்று கூடுதலாகச் செலவாகும்.

என் கோபம் கிரிஸ்டல் இல்லாததால் அல்ல, அதைச் சொல்லாமல் விற்பதால். நானும் இப்படி ஒரு கட்டு போர்டு வாங்கினேன். சர்க்யூட் படம் கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. சில ரூபாய் மிச்சம் பிடித்தது விற்றவர், நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது வாங்கியவர். சர்க்யூட் படம் தராதவரிடம் ரேடியோ உள்ள போர்டு எதையும் வாங்காதீர்கள். படத்தை முதலில் கேளுங்கள், வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: ஈஎஸ்பி32 மூன்று வாங்கிவிட்டேன். மூன்றும் வைஃபையை இயக்கியதும் ரீஸ்டார்ட் ஆகின்றன. எல்லாம் டூப்ளிகேட்டா?

பதில்: போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "ப்ரௌன்அவுட்" என்று வந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். வைஃபை அனுப்பும்போது அந்தச் சிப் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிளில் மின்னழுத்தம் விழுந்துவிடும். மூன்று போர்டையும் ஒரே கேபிளில்தான் செருகினீர்கள் என்று நினைக்கிறேன். நான்காவது போர்டு வாங்கும் முன் கேபிளை மாற்றுங்கள். அப்புறமும் ரீஸ்டார்ட் ஆனால், மானிட்டரில் வந்ததை முழுதாக நகலெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32டபிள்யூபி (ப்ளூடூத் உள்ள மற்றொரு சிப்) போர்டில் எல்இடி மின்னுகிறது, ப்ளூடூத் மட்டும் போனில் தென்படவில்லை. பழைய போர்டைப் புதியது என்று ஏமாற்றிவிட்டார்களோ?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். அதில் இரண்டு கோர்கள் (செயலிகள்). உங்கள் நிரல் எம்4இல் ஓடுகிறது. ரேடியோவைக் கவனிக்கும் எம்0+ கோருக்கு, ப்ளூடூத்தை நடத்தும் ஆயத்த நிரலான ஸ்டாக் பைனரியைத் தனியாக ஏற்ற வேண்டும். சிப்பில் நிரல் ஏற்றும் மென்பொருளான க்யூப்புரோகிராமரைத் திறந்து, உள்ளே எந்த ஸ்டாக், எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் எஸ்டிகே தொகுப்போடு வந்த பைனரியையே, அதன் வெளியீட்டுக் குறிப்பில் உள்ள முகவரியில் ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் தென்படாவிட்டால் விற்றவரிடம் போகலாம்.