ஏரியில் விட்ட மீன்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அம்மாவுடன் அமெரிக்காவின் ஓரிகனில் கிரேட்டர் லேக் பூங்காவுக்குப் போயிருந்தேன். அப்படியொரு நீலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் பத்தே நிமிடத்தில் அலுத்துவிட்டது. எனக்கு இயற்கையை ரசிக்கத் தெரியவில்லையா? இமயமலை ஏரிகள் இதைவிட அழகா? படங்கள் இணைத்துள்ளேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எண்ணிப் பார்த்தேன், 117 படங்கள். பத்து நிமிடத்தில் இத்தனை எடுத்தவர் ஏரியை எப்போது பார்த்தீர்கள்? ஒரு படத்தில் அம்மா கல்சுவரில் சாய்ந்து கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கேள்வியை அவரிடம் கேளுங்கள். இமயமலை ஒப்பீடு வேண்டாம், ஏரிகளுக்கு மார்க் போடுவதில்லை.

அந்த ஏரியை நேசித்த ஒருவரைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். 1885ல் முதன்முதலாக அங்கே போனார். அதைத் தேசியப் பூங்காவாக்க 17 வருடம் அலைந்தார். 1902ல் ஆக்கியும் காட்டினார்.

அதே மனிதர்தான் 1888ல் அந்த நீரில் மீன்குஞ்சுகளை விட்டவர். அதற்குமுன் அங்கே ஒரு மீன்கூடக் கிடையாது. எப்படி இருக்கும்? சுமார் 7,700 வருடங்களுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து உள்வாங்கிய குழி அது. ஆறு வருவதுமில்லை, போவதுமில்லை. மழையும் பனியும்தான் வரத்து. வண்டல் சேராததால் அந்தத் தெளிவு. 594 மீட்டர் ஆழம், சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிட நீலம் மட்டும் நம்மிடம் திரும்பி வருகிறது. அதைப் பார்த்தவருக்குத் தோன்றியது, அடடா, மீன் இல்லையே!

பிறகு மீனுக்குத் தீனி வேண்டுமே என்று 1915ல் கிரேஃபிஷ் வந்தது, நண்டுபோல் கொடுக்குள்ள ஒரு நன்னீர் உயிர். இன்று அது கரையெல்லாம் பெருகி, அந்த ஏரிக்கே உரிய மசாமா நியூட்டை, பார்க்கப் பல்லிபோல் இருக்கும் சின்ன உயிர், ஒழித்துக்கொண்டிருக்கிறது. மீன் விடுவதை 1941ல் நிறுத்திவிட்டார்கள். விட்ட மீன் பெருகுவது நிற்குமா? இப்போது பூங்கா விதியில் மீன்பிடிக்க உரிமமும் வேண்டாம், எண்ணிக்கைக் கணக்கும் இல்லை.

கெட்டவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். செய்தது அதை உயிராக நேசித்தவர். அதுதான் உறுத்துகிறது.

நானும் யோக்கியனில்லை. அந்தக் கரையில் நின்றபோது அத்தனை அமைதி தாளவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும்போல் கை பரபரத்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அலைவட்டம் அடங்கும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிழவனைப் பார்த்தீர்களா? செங்குத்தாக மிதந்து திரியும் ஹெம்லாக் அடிமரம். 1896லேயே அதைக் குறித்துவைத்திருக்கிறார்கள். உங்கள் 117 படங்களிலும் தேடினேன், அகப்படவில்லை. அம்மா பார்த்திருப்பார்.