கிளிக்குக் கொடுக்கும் விலையும் கிளியை வளர்க்க ஆகும் செலவும்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போறோமுங்க. ஏழாவது படிக்கிற பையன் சன் கொனூர் கிளி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். கடையில ஒன்பதாயிரம் சொல்றாங்க, கூண்டு தனியா ரெண்டாயிரம். கையில ஊட்டி வளர்த்தாத்தான் ஒட்டிக்கும்னு ஒரு மாசக் குஞ்சையே எடுத்துக்கச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுல ஒரு கிளி இருக்குது, முடியெல்லாம் பிச்சுப் போட்டு நோஞ்சானா உக்காந்திருக்குது. அவ்வளவு காசு குடுத்து வாங்கினவங்களே ஏனுங்க இப்படி விட்டுடறாங்க? எங்க கிளியும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் கேக்கறேன்.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாசக் குஞ்சை வாங்காதீர்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு சன் கொனூரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று புரிய, பக்கத்து வீட்டுக் கிளிக்கு என்ன நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவர்களும் ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார்கள், பறவையைக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

கோளாறு கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. விலை கேட்கிறோம், பேசுமா, கடிக்குமா என்று கேட்கிறோம். எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும், எவ்வளவு கத்தும், சீக்கு வந்தால் எந்த டாக்டரிடம் காட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு, கடைக்காரரும் தானாகச் சொல்லப் போவதில்லை. சன் கொனூரை ஒழுங்காக வளர்த்தால் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். உங்கள் பையன் காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும், தண்ணீர் வைப்பதும் கூண்டு கழுவுவதும் உங்கள் தலையில்தான் விழும். கத்தலும் சாதாரணக் கத்தல் இல்லை. கூட்டமாக வாழ்கிற பறவை என்பதால் விடியும்போதும் பொழுது சாயும்போதும் தன் கூட்டத்தைக் கூப்பிடும். லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற ஆள் இருந்தால் ஒரே வாரத்தில் சண்டை வரும். அப்புறம் என்ன செய்வார்கள்? கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடுவார்கள், இல்லை பின்பக்கத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நல்ல மனசுக்காரர்கள் வீட்டிலும் ஒரு கிளி ஒதுக்கப்படுவது இப்படித்தான்.

நாயும் மாடும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனுஷனோடு பழகி வந்தவை. கிளி அப்படி இல்லை. கூண்டில் பொரித்த குஞ்சாக இருந்தாலும் அதன் சுபாவம் காட்டுப் பறவையின் சுபாவம்தான்: பறக்க வேண்டும், மரத்தைக் கொறிக்க வேண்டும், தீனியைத் தேடித் தேடித் தின்ன வேண்டும், பக்கத்தில் துணை வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற நாளில் காலை எட்டரைக்குப் பூட்டின வீடு ராத்திரி எட்டரைக்குத்தான் திறக்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கிற கிளி தன் இறகையே பிடுங்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக் கிளியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தலையில் மட்டும் இறகு முழுசாக இருந்து, கழுத்துக்குக் கீழே மொட்டையாக இருந்தால், அது தானே பிடுங்கிக்கொண்டது, ஏனென்றால் தன் மூக்கு தன் தலைக்கு எட்டாது. தனிமை மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது, ஈரல் கோளாறு, தோல் நோய், சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் இறகு முளைக்கிற குழியே கெட்டுப்போய், பிறகு என்ன வைத்தியம் பார்த்தாலும் முளைக்காது.

அடுத்து தீனி. நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கிளிகள் கெடுவது இதில்தான். கடையில் மிக்ஸ் சீட் என்று ஒரு பாக்கெட் கொடுப்பார்கள், பாதிக்கு மேல் சூரியகாந்தி விதை இருக்கும். கிளி அதைத்தான் பொறுக்கித் தின்னும், நாமும் விரும்பிச் சாப்பிடுகிறதே என்று அதையே போடுவோம். அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ-யும் கால்சியமும் இல்லாத மாதிரிதான். வருஷக்கணக்கில் அதையே தின்றால் ஈரலில் கொழுப்பு சேரும், மூக்கிலும் நெஞ்சிலும் அடிக்கடி சளித்தொல்லை வரும். வேண்டியதெல்லாம் நம் சமையலறையிலேயே இருக்கிறது, முருங்கைக்கீரை, கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொத்தமல்லித்தழை. கிளிக்கென்று மணி மணியாகச் செய்து விற்கிற பெல்லட் தீனி பாதிக்கு மேலும், மீதி இந்தக் காய்கறி கீரையும், விதை கொஞ்சமுமாக இருந்தால் நல்லது. பால் சோறு, உப்புப் போட்ட தயிர் சோறு, மிக்சர், டீ, சாக்லேட் எதுவும் கூடாது. அவகாடோ பழம் கிளிக்கு விஷம். நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகையும் கிளியைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூடத் தெரியாது, அதனால் அடுப்படியை ஒட்டிக் கூண்டு வைக்கவே கூடாது.

இன்னொன்று, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கிளி விதையை உரித்துவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் நிறைய தீனி இருக்கிற மாதிரியே தெரியும், ஊதிப் பார்த்தால் எல்லாம் உமி. தீனிதான் இருக்கிறதே என்று இரண்டு மூன்று நாள் விட்டு, பட்டினியில் செத்த சின்னக் கிளிகள் உண்டு. தினமும் ஊதிவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஒரு மாசக் குஞ்சு. அது தானாகத் தின்னத் தெரியாத குஞ்சு. மாவைக் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும், 40 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். அதைவிடச் சூடானால் இரைப்பை வெந்துபோகும், ஆறிப்போனால் உள்ளேயே தங்கிப் புளித்துவிடும், அவசரத்தில் ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும். அந்த வயசில் பகலில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டியாக வேண்டும், வேலைக்குப் போகிற நீங்கள் எப்படி ஊட்டுவீர்கள்? குஞ்சாக எடுத்தால்தான் ஒட்டும் என்பதும் சரியில்லை. தானாகத் தின்னப் பழகிய, இரண்டரை மூன்று மாசமான பறவையும் பொறுமையாகப் பழகினால் தோளில் வந்து உட்காரும். சின்னக் குஞ்சாகத் தள்ளிவிட்டால் வளர்த்தவருக்குத் தீனிச் செலவும் வேலையும் மிச்சம், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் ரூபாய்க் கூண்டு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். றெக்கை இரண்டையும் முழுசாக விரித்து அடித்தாலும் கம்பியில் படாத அளவு வேண்டும், நீளவாக்கில் அகலமாக இருப்பது உயரமாக இருப்பதைவிட நல்லது. உள்ளே ஒரே பருமனில் வழவழப்பான குச்சி இரண்டு வைத்திருப்பார்கள், அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதத்தில் புண் வரும். கொய்யாக்கிளை வெட்டிக் கழுவி வைத்தால் போதும், கொறிக்கவும் ஆகும். டாக்டர் செலவுதான் பெரிசு. நம் ஊர்களில் நாய்க்கும் மாட்டுக்கும் டாக்டர் உண்டு, கிளி பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையிலும் இருக்கிறது, திருப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டுத்தான் போக வேண்டும். கிளி தன் சீக்கை மறைக்கிற பறவை. உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டால் அது ஏற்கெனவே முற்றிப்போன நிலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. சன் கொனூர் கயானாவிலும் வடக்கு பிரேசிலிலும் வாழ்கிற, காட்டில் அழிந்துகொண்டு வருகிற கிளி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2024-ல் வந்த மத்திய அரசு விதிப்படி இந்தப் பட்டியலில் இருக்கிற பறவையை வைத்திருப்பவர் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், வாங்கினால் 30 நாளுக்குள். விற்கிறவரிடம் அதற்கான பதிவுத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பையனை ஏமாற்றவும் மனசில்லை என்றால், தானாகத் தின்னும் வயசுள்ள லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடியை அகலமான கூண்டில் வளர்க்கலாம். சின்ன பட்ஜெரிகர் கிளிகளைத்தான் சொல்கிறேன். ஜோடியாக இருந்தால் பகலில் நீங்கள் இல்லாவிட்டாலும் ஒன்றுக்கொன்று துணை, ஐந்திலிருந்து பத்து வருஷம் இருக்கும், பரிவேஷ் பதிவும் தேவையில்லை. உமி ஊதுவது, கீரை வைப்பது, கூண்டு கழுவுவது மூன்றையும் பையன்தான் செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்துகொண்டு றெக்கையை விலக்கி வைத்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: தோட்டத்துப் பனைமரப் பொந்தில் எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு ஐநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பச்சைக்கிளி இருந்தது. வாங்கலாமா?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: வாங்கக் கூடாதுங்க. நம்மூர்ப் பச்சைக்கிளி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட வரலாம். தாத்தா வைத்திருந்தார் என்பது சட்டத்தில் செல்லாது. பொந்திலிருந்து எடுக்கிற குஞ்சுகளில் கூடை கூடையாக விற்பதற்கு முன்பே சாகிறவை நிறைய, பிழைத்ததுதான் உங்கள் கைக்கு வருகிறது. ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் நீங்களே பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். நீங்களாகப் போய்க் கொடுப்பது வேறு, அவர்கள் தேடி வந்து எடுப்பது வேறு.

கேள்வி: கோவையில் ஒரு கடையில் வாங்கிய காக்டெய்ல் கிளி நாலாவது நாள் செத்துவிட்டது. கடைக்காரர், உயிருக்கெல்லாம் கேரண்டி கிடையாது என்கிறார். பில் தரவில்லை, ஜிபேயில் பணம் அனுப்பினேன். கிளியைப் புதைத்துவிட்டோம். நஷ்டஈடு கேட்க முடியுமா?
(சிங்காநல்லூர் வாசகர்)

பதில்: கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய உயிருள்ள பறவையும் நுகர்வோர் சட்டத்தில் பொருள்தான். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கிளியின் போட்டோ இதெல்லாம் வாங்கியதற்குச் சாட்சி. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். பேச்சில் முடியாவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது: வாங்கும்போதே சீக்கு இருந்தது என்று காட்ட வழியில்லை. செத்த உடனே ஐஸ் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் கை ஓங்கியிருக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் சரியாகப் பார்க்க முடியாது. அந்தக் கடை 2018 விதிப்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த கடையா என்பதையும் கேளுங்கள். பதிவு இல்லை என்றால் அது தனிப் புகார்.

கேள்வி: மூன்று வருஷமாக ஒரு காக்டெய்ல் வளர்க்கிறோம். அம்மாவுக்கு இளைப்பு இருப்பதால் இனி வைத்திருக்க முடியாது. திறந்து விட்டால் பறந்துபோய்ப் பிழைத்துக்கொள்ளாதா?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பிழைக்காதுங்க. அது ஆஸ்திரேலியப் பறவை, நம் காட்டில் எதைத் தின்பது, பருந்திடமிருந்து எங்கே ஒளிவது என்று அதற்குத் தெரியாது. காக்கையே கொத்திக் கொன்றுவிடும். இறகிலிருந்து பவுடர் போல உதிர்வது காக்டெய்லுக்கு அதிகம், இளைப்புக்காரருக்கு ஆகாது என்பது உண்மை, அதனால் கொடுத்துவிடுவது சரியான முடிவுதான். கடையில் திருப்பிக் கொடுக்காமல், ஏற்கெனவே காக்டெய்ல் வைத்திருக்கிற வீடாகப் பார்த்து, ஒரு தடவை நேரில் போய்க் கூண்டையும் தீனிக் கிண்ணத்தையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கூடவே பழகிய கூண்டு, தின்று பழகிய தீனி, எப்போது எழும் எப்போது தூங்கும் என்று எழுதின ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். புது இடத்தில் முதல் சில நாள் சரியாகத் தின்னாது, அதையும் சொல்லி வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தொடவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.