குக்கர் விசிலுக்கு அடங்காத விஷம்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: தூத்துக்குடியில் பிறந்து, கோத்தகிரியில் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி: கூடலூரில் மெஸ் நடத்துகிறேன். நாடுகாணி வழியாக வரும் கோழிக்கோட்டுக் கல்லுமக்காயை (பாறையில் ஒட்டி வளரும் சிப்பி வகை) வாங்கிச் சமைக்கிறோம். கடலில் பாசி பெருகினால் அதில் விஷம் ஏறும் என்று வண்டிக்காரர் பயமுறுத்துகிறார். குக்கரில் நாலு விசில் விட்டால் போகாதா டீச்சர்?
(வாசகர், கூடலூர்)

பதில்: நாற்பது விசில் விட்டாலும் போகாதுங்க. வண்டிக்காரர் சொன்னது சரி.

கல்லுமக்காய் தானாக விஷம் செய்வதில்லை. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியைச் செவுளால் சலித்துத் தின்கிற ஜீவன் அது. பாசி வகைகளில் சில மட்டும் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சைத் தயாரிக்கும். அந்த வகை பெருகிய நாட்களில் நஞ்சு சதையில் சேர்ந்துகொண்டே போகும். கல்லுமக்காய் என்னவோ கொழுகொழுவென்றுதான் இருக்கும். வாடை வராது, ருசியும் மாறாது. அதுதான் வம்பு.

கிருமி என்றால் கொதியில் சாகும். இது வெறும் வேதிப்பொருள், சமையல் சூட்டுக்கு அசையாது. எலுமிச்சைக்கும் ஃப்ரீசருக்கும்கூட மசியாது. கொஞ்சம் வெந்த தண்ணீரில் இறங்கும்; அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே ஊற்றுகிறவர்கள் நாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும், விரல் நுனி மதமதக்கும். முற்றினால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். உதடு மரத்தால் வாய்வு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. 1981-ல் தமிழ்நாட்டுக் கடலோரத்திலேயே மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்து, 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

சரி, வாங்குவதா வேண்டாமா? நான் சாப்பிடுகிறேன், ஆனால் கேட்டு வாங்குகிறேன். காசர்கோடு பக்கம் படன்னா, செறுவத்தூர் காயல்களில் மழைக்காலம் ஓய்ந்ததும் குஞ்சுகளைக் கயிற்றில் கட்டி, ஏப்ரல், மே வாக்கில் அடுத்த மழைக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். எந்தக் காயல், எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பாசி பெருகியதாகச் செய்தி வந்தால் சில வாரங்களுக்கு மெனுவிலிருந்து தூக்கிவிடுங்கள். பாசி போனபின் கல்லுமக்காய் நஞ்சை மெல்லக் கழித்துவிடும். கடலின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. தண்ணீர் தெளிவாகத் தெரியும்போதே ஆபத்தான அளவு சேர்ந்துவிடலாம். பல நாடுகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் தாண்டினால் அறுவடையை நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனையைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: 2019-ல் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதைப் பார்த்தேன். அதுவும் விஷப் பாசியா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: அது நாக்டிலூகா என்ற ஒளிரும் நுண்ணுயிர். மன்னார் வளைகுடா மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். சாக்சிடாக்சின் செய்யாது. அதற்காகச் சாது என்று நினைக்க வேண்டாம். குவிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதே 2019-ல் மன்னார் வளைகுடாவில் கடலே பச்சையாகி மீன்கள் செத்தன, பவளப்பாறைகளும் அடிவாங்கின. மீனாவது தப்பி ஓடப் பார்க்கும், கயிற்றில் கட்டிய கல்லுமக்காய் எங்கே போகும்?

கேள்வி: கடல் அமிலமாகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். சிப்பி கரைந்துவிடுமா?
(கல்லூரி மாணவி, குன்னூர்)

பதில்: பெரிய சிப்பி உடனே கரையாதம்மா. அடி விழுவது குஞ்சுக்கு. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் (இந்த அளவு குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று அர்த்தம்) இப்போது சுமார் 8.1. பார்க்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கின்றன. ஆளி என்ற சிப்பியின் குஞ்சு, பிறந்த முதல் இரண்டு நாளில், முட்டையில் இருந்த சத்தை வைத்தே முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அமிலம் கூடி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் தண்ணீரில் குறைந்தால் அந்த வேலையிலேயே சக்தி தீர்ந்து செத்துவிடும்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து விஸ்கி கிரீக் ஆளிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் 2007 முதல் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் பாக்டீரியா என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால், காற்று வீசும் நாட்களில் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த, கார்பன் டை ஆக்சைடு நிறைந்த தண்ணீர்தான் காரணம். தொட்டித் தண்ணீரில் சோடியம் கார்பனேட் கலந்து சமாளித்தார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாதான்! பொரிப்பகத் தொட்டிக்கு அது சரி, திறந்த கடலில் எவ்வளவு கொட்டுவது?

கேள்வி: எங்கள் தேயிலைக்குப் போடும் உரம் பாண்டியாற்றில் இறங்கி மலபார்க் கடலில் பாசியை வளர்க்கிறதா?
(சிறு விவசாயி, பந்தலூர்)

பதில்: நல்ல கேள்வி. பாண்டியாறு புன்னம்புழையோடு சேர்ந்து சாலியாற்றில் கலந்து பேப்பூரில் கடலைத் தொடுகிறது. உங்கள் யூரியாவில் ஒரு பங்கு அங்கே போகத்தான் செய்யும். ஆனால் திறந்த கடலில் பெரிய கை தென்மேற்குப் பருவக்காற்றுடையது. அது வீசும் மாதங்களில் ஆழத்துச் சத்து நீர் மேலே ஏறிப் பாசிக்கு விருந்து வைக்கிறது. இது உரம் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே நடப்பது. காயலிலும் கழிமுகத்திலும் கதை வேறு. அங்கே தண்ணீர் தேங்குவதால் மேலிருந்து வரும் உரமும் கழிவும் கணக்கில் சேரும், கயிறு கட்டுவதும் அங்கேதான். கனமழைக்கு முந்தின நாள் உரம் போடாதீர்கள், காசும் மிச்சம். கேள்வி உரத்தைப் பற்றி என்பதால் இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறேன். நம் ஊர்களின் சாக்கடை ஆற்றில் விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தால் கோபமாகவே எழுதியிருப்பேன்.