தாத்தா சீனர் என்றால் போதும்

வணக்கம் சார்,

பாகிஸ்தானியர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னபோது பஞ்சாபின் அட்டாரி எல்லையில் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. காஷ்மீரில், பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அதற்கப்புறமும் பாகிஸ்தானியர்களை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பது நியாயமா? வெளிநாட்டுக்காரர் விருந்தாளிதான். போகச் சொன்னால் போக வேண்டும். ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தால் நாட்டுப் பாதுகாப்பு என்னாவது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

போகச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் தந்த அந்த அதிகாரத்துக்கு வரம்பில்லை என்று, ஒரு ஜெர்மானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1955லேயே சொல்லிவிட்டது. உங்கள் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். விசாரிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஒருமுறை செய்தே பார்த்திருக்கிறோம்.

1962 நவம்பர். சீனப் போர். அசாமில் மாக்கும் என்றொரு ஊர். தேயிலைத் தோட்ட வேலைக்கு வெள்ளைக்காரர்கள் கூட்டிவந்த சீனர்களின் வாரிசுகள் அங்கே இருந்தார்கள். பேச்சு அசாமிய மொழி. பலருக்கு அம்மாவோ பாட்டியோ உள்ளூர்ப் பெண். ஒருநாள் போலீஸ் வந்து கிளம்பச் சொன்னது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, கையில் கிடைத்த துணியோடு கிளம்பினார்கள். ஒரு வாரம் ரயில். போய்ச் சேர்ந்தது ராஜஸ்தானில், தேவ்லி முகாமுக்கு. ஷில்லாங், டார்ஜிலிங் பக்கமிருந்தும் பிடித்து வந்தார்கள். குழந்தைகள், கிழவர்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,000 பேர். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது.

அப்போது வந்த சட்டத்தைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ எப்போதாவது பகை நாட்டின் குடிமகனாக இருந்திருந்தால் போதும், வெளிநாட்டினர் சட்டம் உங்கள் மீதும் பாயும். இங்கேயே பிறந்த குடிமகன் என்றாலும் சரி. விருந்தாளி என்றீர்களே, சொந்த வீட்டில் பிறந்தவனையே விருந்தாளியாக்கிவிட்டது அந்தச் சட்டம்.

நவம்பர் 21லேயே சீனா போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. தேவ்லியில் கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967ல். இடையில், 1963ல், சீனா கப்பல் அனுப்பியது. முகாமிலிருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக 2,000 பேருக்கு மேல் நம் மதராஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கப்பலேறினார்கள். பலர் அதுவரை சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். கப்பலேறாமல் இங்கேயே இருந்து ஊர் திரும்பியவர்களில் பலருக்கு வீடு ஏலத்தில் போயிருந்தது.

3,000 பேரை ஒரு வாரம் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், வருடக்கணக்கில் சோறு போட்டுக் காவல் காக்க முடிந்த அரசால், அவர்களை உட்கார வைத்து விசாரிக்க முடிந்திருக்காதா?

2025 ஏப்ரலில் பாகிஸ்தானியர்களைப் போகச் சொன்னபோது, எல்லோரையும் ஒன்றாகப் பார்க்காமல் அரசே தரம் பிரித்தது. நீண்டகால விசா வைத்திருந்தவர்கள் இருக்கலாம் என்றது. அதை நான் வரவேற்றேன். ஆனால் அட்டாரி வாசலில், பாகிஸ்தானில் வாழ்க்கைப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் சிலர் நின்றார்கள். அம்மா கையில் இந்தியப் பாஸ்போர்ட், பிள்ளை கையில் பாகிஸ்தான் பாஸ்போர்ட். பிள்ளை போகலாம், அம்மா போகக்கூடாது என்றார்கள். அந்தப் பிள்ளையால் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று அங்கேயே ஓர் அதிகாரி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நான் கேட்டது அவ்வளவுதான்.