போர்ப் பேச்சில் ஆங்கிலம் படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். தலைவர்களின் பேச்சைக் கேட்டால் ஆங்கிலம் வரும் என்று பேராசிரியர் சொன்னார். சர்ச்சிலின் ‘வீ ஷல் ஃபைட் ஆன் த பீச்சஸ்’ மனப்பாடமாகிவிட்டது. ஆனால் குரூப் டிஸ்கஷனில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வரவில்லை. செய்தியில் தினமும் குண்டு விழுவதைப் பார்த்துவிட்டு போர் முழக்கத்தை ஒப்பிப்பதும் உறுத்துகிறது. வேறு எதைக் கேட்கலாம், எப்படி?

மு., உசிலம்பட்டி

அன்புள்ள மு.,

நீங்கள் மனப்பாடம் செய்தது அந்தப் பேச்சின் கடைசிப் பத்தியை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூன் 4 அன்று, ஜெர்மன் படையிடம் சிக்கிய பிரான்ஸின் டன்கிர்க் கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை மீட்டுக் கொண்டுவந்த கையோடு, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியது அது. அதன் பெரும்பகுதி தோல்விக் கணக்கு: எந்தப் படை எப்போது பின்வாங்கியது, எத்தனை பீரங்கி போயிற்று என்று. நடந்தது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று அவரே சொல்கிறார். இன்று நாம் கேட்கும் குரலும் சபையில் பதிவானதல்ல, 1949இல் அவர் மறுபடி வாசித்துப் பதிந்தது. அந்த நிதானத்தில் யாரும் பேசுவதில்லை.

கடைசிப் பத்தியில் ஒரே வாக்கிய அச்சு, இடம் மட்டும் மாறும். வாய்க்குச் சுகம்தான். ஆனால் குரூப் டிஸ்கஷனில் எதிராளி சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டு மீதியை மறுக்க வேண்டும். ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’, ‘ஈவன் இஃப்’ இல்லாமல் அது நடக்காது. போர் முழக்கத்தில் இவற்றுக்கு வேலை குறைவு. சமாதானம் பேசுகிறவருக்கோ இவை இல்லாமல் ஓடாது.

அதனால் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு வாருங்கள். 1963 ஜூன் 10, வாஷிங்டனில் அமெரிக்கன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. அமெரிக்காவையும் சோவியத்தையும் அணுப்போரின் விளிம்புக்கே கொண்டுபோன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சோவியத் மக்கள் இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிப் பேரையாவது இழந்ததை நினைவூட்டி, அமெரிக்கர்கள் தங்கள் மனப்போக்கையும் பரிசீலிக்க வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. (இதே கென்னடிதான் வியட்நாமுக்கு ராணுவ ஆலோசகர்களை அனுப்பிக் குவித்தவர். அதையும் சேர்த்தே கேளுங்கள்.)

முழுப்பேச்சும் வேண்டாம். எந்த மாதிரிச் சமாதானம் என்று அவர் கேட்கும் இடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் போதும். பஸ்ஸில் எழுத்துப்பிரதி பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். வீட்டுக்குப் போய், ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். புரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு கென்னடி நூலகத்தின் இணையதளத்திலுள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள். யூடியூப் தானாகப் போடும் எழுத்தை நம்பாதீர்கள், பெயர்களைக் கோட்டை விடும். காலி இடங்களில் பெரும்பாலும் கடினமான சொல் இருக்காது. ‘ஆஃப்’, ‘டு’, ‘ஹேவ்’ மாதிரிப் பொடிச் சொற்களே இருக்கும். ஆங்கிலத்தில் அவற்றை முழுங்கித்தான் பேசுவார்கள். நாம் ஒவ்வொன்றையும் அழுத்துவதால் நம் பேச்சும் தட்டையாகிறது, காதும் அவற்றைத் தேடி ஏமாறுகிறது.

அடுத்து, அவர் மூச்சு விடும் இடத்தில் கோடு போட்டு, அழுத்தும் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அவர் குரலுக்கு அரை விநாடி பின்னால் கூடவே சொல்லுங்கள். போனில் பதிந்து கேட்டால் நம் ஊர்க் கோளாறுகள் தெரியும்: ‘பீஸ்’ என்பது ‘பீஸு’ ஆகும், ‘ஃபைட்’ என்பது ‘பைட்’ ஆகும், இறந்தகால வினையின் கடைசி ‘ட்’ காணாமல் போகும். கென்னடி பாஸ்டன்காரர், ‘ர்’ ஒலியை விழுங்குவார். அதைக் காப்பியடிக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு வருவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரதியை மூடிவிட்டு, அதே வாக்கியக் கட்டில் உங்கள் ஊர் விஷயத்தைப் பேசுங்கள். வைகை அணைத் தண்ணீரை உங்கள் பகுதிக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் இருக்கிறதே! வைகை அணையில் தண்ணீர் திறந்தால் மற்ற பாசனக்காரர்களுக்குக் குறையும் என்பதை ‘ஆல்தோ’ போட்டு ஒப்புக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் உங்கள் கண்மாய்கள் என்னவாகும் என்பதை ‘அன்லெஸ்’ போட்டுச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சி இல்லாதவர் மேடை ஆங்கிலத்தோடு நின்றுவிடுவார். இன்டர்வியூவில் ‘லெட் அஸ்’ என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்குவார்.

கென்னடி வேகமாகத் தோன்றினால் காந்தி. 1947 ஏப்ரல் 2, டெல்லி ஆசிய உறவுகள் மாநாடு, ஆங்கிலப் பேச்சு, ஒலிப்பதிவு இருக்கிறது. நிதானமான நம் நாட்டு உச்சரிப்பு. அணுகுண்டு பெருகுவதைக் கண்டு மேற்கு நம்பிக்கை இழப்பதைப் பற்றியும் சொல்கிறார்.

உறுத்தல் நல்லதுதான். அதற்காகப் போர்ப் பேச்சை ஒதுக்க வேண்டியதில்லை. சமாதானப் பேச்சு என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. பேசியவர் அடுத்த சில மாதங்களில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1953 ஏப்ரல் 16இல் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கியும் பசித்தவரிடமிருந்து திருடியது என்றார். ஜூலையில் கொரியப் போர்நிறுத்தம் வந்தது. ஆகஸ்டில் ஈரானில் மொசாதேக் அரசைக் கவிழ்த்ததில் அவருடைய உளவுத்துறைக்குக் கை இருந்தது. இரண்டும் அவர் கணக்கில்தான்.

அந்தப் பேச்சு பி.காம். மாணவருக்குத் தோதானது. ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் கட்டலாம், ஒரு போர்விமானத்துக்கு ஐந்து லட்சம் புஷல் கோதுமை என்று அடுக்குகிறார். ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. டன்னாக மாற்றி ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். விடை பதின்மூவாயிரத்துச் சொச்சம் வரும். அதில் ‘தர்ட்டீன்’ என்பதன் பின்பாதியை அழுத்தாவிட்டால் கேட்பவர் முப்பதாயிரம் என்று எழுதிக்கொள்வார்.