நடு ஜன்னலில் யாரும் இல்லை

அன்புள்ள ஐயா,

பெல்ஜிய நாடகாசிரியர் மாரிஸ் மேட்டர்லிங்க்கின் ‘உள்ளே’ நாடகத்துக்கு எங்கள் குழு ஒத்திகை பார்த்துவருகிறது. மேடையில் எதுவுமே நடப்பதில்லை. பின்னணி இசையும், வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வசனமும் சேர்க்கலாமா? இன்னொன்று, கறையான்களைப் பற்றிய நூலில் இன்னொருவர் எழுதியதைத் திருடிய அவருக்கு நோபல் தகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நோபல் 1911-ல் கிடைத்தது. கறையான் நூல் 1926-ல் வந்தது. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் யூஜின் மரே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுதியதை மேட்டர்லிங்க் எடுத்தாண்டதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருப்பது 1894-ல் வெளிவந்த நாடகம். அதைப் பேசுவோம். மேடை மௌனத்தைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எதுவுமே நடப்பதில்லையா? பிரதியை வசனத்துக்காக மட்டும் புரட்டியிருக்கிறீர்கள். பழைய தோட்டம், வில்லோ மரங்கள், பின்னால் ஒரு வீடு, வெளிச்சமுள்ள மூன்று ஜன்னல்கள். உள்ளே அப்பா கணப்படுப்பின் அருகில். மேஜையில் முழங்கையை ஊன்றிய அம்மா, அவள்மேல் தலைசாய்த்துத் தூங்கும் குழந்தை. வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் பூத்தையல் போடுகிறார்கள். மூன்றாவது மகள் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டாள். அது அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வந்த கிழவரும், அவளை நீரிலிருந்து எடுத்த அந்நியரும் இருட்டில் நிற்கிறார்கள். ஊரார் உடலைத் தூக்கிக்கொண்டு வயல்வழியே வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்வலம்தான் நாடகத்தின் கடிகாரம். கிழவரின் பேத்திகள் வந்து “நெருங்கிவிட்டார்கள்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மிச்சமிருக்கும் நேரம் குறைகிறது. இந்த நெருக்கடி நடிப்பில் வரவில்லையென்றால் தூக்கம் வரத்தான் செய்யும். அது மேட்டர்லிங்க்கின் குறையல்ல.

ஓரிடத்தில் அந்தச் சகோதரிகள் ஆளுக்கொரு ஜன்னலுக்கு வந்து இருட்டை வெறிக்கிறார்கள். நடு ஜன்னலுக்கு யாரும் வரவில்லை என்கிறார் கிழவர். இறந்தவளை மேடையேற்ற ஆசிரியருக்கு அந்தக் காலி ஜன்னல் போதும். அங்கே வயலின் வாசித்தால் பார்வையாளர் ஜன்னலைப் பார்க்கமாட்டார், வயலினைக் கேட்பார். வேண்டவே வேண்டாம்.

உள்ளே ஒரு சொல்லும் கேட்கக்கூடாது. அங்கே இருப்பவர்களுக்கு நிஜ வேலை கொடுங்கள். ஊசியும் நூலும் உண்மையாக இருக்கட்டும், தையல் உண்மையாகவே போகட்டும். சோகத்தை அவர்கள் முன்கூட்டியே முகத்தில் காட்டினால் எல்லாம் போச்சு. அம்மா குழந்தையை எழுப்பிவிடாமல் இருப்பதில் மட்டும் கவனம் வைக்கட்டும். வெளிச்சம் ஜன்னல்களிலிருந்தே வரவேண்டும். தோட்டத்தில் நிற்பவர்களின் முகம் தெரியவில்லையே என்று முன்விளக்கைப் போட்டால் ஜன்னல்கள் மங்கிவிடும், வீடு வெறும் திரைச்சீலையாகிவிடும். பேசுபவர்களை ஓரமாக நிறுத்துங்கள், நடு ஜன்னலை மறைக்காமல்.

இதை ஆசிரியர் பொம்மலாட்டத்துக்கென்று வெளியிட்டதன் காரணமும் இதுதான். நடிகரின் உடல் தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும், பொம்மை துடிக்காது. விளக்கடியில் நாற்காலியில் சும்மா அமர்ந்திருக்கும் கிழவர், காதலியின் கழுத்தை நெரிப்பவனைவிட ஆழமாக வாழ்கிறார் என்று 1896-ல் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். உங்கள் நடிகர்களுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள், பாவம், அவர்களும் தவித்துக்கொண்டிருப்பார்கள்.

கிழவர் உள்ளே போய்ச் சொல்வதும் நமக்குக் கேட்காது. அம்மா எழுகிறாள், எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார்கள். நாற்காலியில் குழந்தை மட்டும் தூங்குகிறது. வெளியே தனியாக நிற்கும் அந்நியர் அது விழிக்கவில்லை என்று சொல்வதோடு முடிகிறது. சொன்னவுடன் விளக்கை அணைத்துவிடாதீர்கள்.